தலைக்கும் எஃகுக்கும் நடுவில்

நான் முதன்முதலில் செய்த எஃகுத் தலைக்கவசத்துக்குள் என் தலை நுழையவில்லை. பதினொரு ஞாயிற்றுக்கிழமைகள் செலவிட்டு, உள்ளங்கை கொப்புளித்து, முழங்கை வீங்கிச் செய்த பொருள் அது. தலையின் சுற்றளவை நாடாவால் அளந்தேன், 57 செ.மீ. வந்தது. உள்ளே அணிகின்ற பஞ்சுத் தொப்பியின் தடிமன் 2 செ.மீ. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று நான்கைக் கூட்டி, 61 என்று தாளில் எழுதிக்கொண்டு தகட்டை வெட்டினேன். வட்டத்தின் சுற்றளவுச் சூத்திரத்தைப் பள்ளியில் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பித்தவள்தான் நான். ஆரம் 2 செ.மீ. கூடினால் சுற்றளவு 12.5 செ.மீ.க்கும் சற்று மேலாகவே கூடும் என்பது, முடிந்துபோன கவசம் என் பஞ்சுத் தொப்பியின் உச்சியில் பானை மூடியைப் போல உட்கார்ந்தபோதுதான் நினைவுக்கு வந்தது. வெட்டியிருக்க வேண்டிய அளவு 61 அல்ல, ஏறக்குறைய 70. நான் சொல்ல வருவது பெரும்பாலும் அந்த ஒன்பது சென்டிமீட்டரைப் பற்றியது.

பிறந்த ஊர் கும்பகோணம். பதினான்கு ஆண்டுகளாக இங்கிலாந்தின் வடக்கே லீட்ஸ் நகரில் வசிக்கிறேன். இயந்திர உறுப்புகளுக்கு வரைபடம் தயாரிப்பது தொழில். இந்த ஊருக்கு வந்த முதல் குளிர்காலத்தில், மழைக்கு ஒதுங்குவது போலத்தான் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். 1996 இல் திறக்கப்பட்ட அந்தப் படைக்கலக் காட்சியகத்தில் எல்லோரும் நின்று பார்க்கும் பொருள் ஒன்று உண்டு: புனித ரோமப் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றிக்கு அன்பளிப்பாகக் கொடுத்த கொம்பு வைத்த தலைக்கவசம். இன்ஸ்புருக் நகரத்துக் கவசக் கொல்லர் கொன்ராட் சோய்சன்ஹோஃபர் 1511க்கும் 1514க்கும் இடையில் செய்தது. அதன் முகத்தில் கண்ணோரச் சுருக்கமும் சவரம் செய்யாத தாடையின் முளைமயிரும், மூக்கு நுனியில் தொங்கும் ஒரு சொட்டும்கூட உண்டு. நான் பார்த்தது அவற்றையல்ல. தகடு எங்கே வளைந்திருக்கிறது, அந்த வளைவுக்கு எத்தனை அடி விழுந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அது குடும்பப் புத்தி. என் தாய்மாமன் கும்பகோணத்தில் பித்தளைக் குடம் அடிப்பவர். சிறு வயதில் கோடை விடுமுறை முழுவதும் அவருடைய பட்டறைத் திண்ணையில் கழிந்தது.

லீட்ஸுக்குக் கிழக்கே அரைமணி நேரக் கார்ப்பயணத்தில் டவுட்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. இங்கிலாந்தின் அரியணைக்காக 15ஆம் நூற்றாண்டில் நடந்த ரோசாப்பூப் போர்களில் மிகுந்த குருதி சிந்தியதாகச் சொல்லப்படும் போர் 1461 மார்ச் 29 அன்று, குருத்தோலை ஞாயிறில், பனி கொட்டும்போது அங்கே நடந்தது. 1996 இல் அவ்வூரில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது அந்தப் போரில் மாண்டவர்களின் புதைகுழி ஒன்று வெளிப்பட்டது. கிடைத்த மண்டையோடுகளில் பலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட வெட்டுகளும் குத்துகளும் இருந்தன. உடம்பின் மற்றப் பகுதிகளில் காயம் ஒப்பளவில் குறைவு. அவர்கள் கவசத்தை இழந்த பிறகோ கழற்றிய பிறகோ வெட்டுண்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அந்த எலும்புகளின் படங்களைப் பார்த்த பிறகு, காட்சிப் பெட்டிக்குள் இருக்கும் எஃகுக் கிண்ணங்களை அலங்காரப் பொருளாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

பழைய போர்களை நடித்துக் காட்டும் குழுவொன்றில் சேர்ந்தேன். அவர்கள் இரவல் கொடுத்த கவசம் இரண்டு மணி நேரத்தில் தலைவலியைக் கொடுத்தது. நெற்றியில் ஒரே இடத்தில் அழுத்தியது. அதனால்தான் சொந்தமாகச் செய்யத் துணிந்தேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் ஆசைப்படுவது, நார்மானியர் அணிந்த கூம்பு வடிவக் கவசத்தை ஒரே தகட்டில் அடித்து எழுப்புவதற்கு. ஓலோமோட்ஸ் நகரோடு தொடர்புடையதும் இப்போது வியன்னாவில் இருப்பதுமான கவசத்தில், கிண்ணமும் மூக்கை மறைக்கும் பட்டையும் சேர்ந்து ஒரே இரும்புத் துண்டு. பார்க்க எளிமை, செய்ய வாழ்நாள் வித்தை. அதைத் தொடாதீர்கள். லீட்ஸிலிருந்து ரயிலேறி யார்க் நகரத்து அருங்காட்சியகத்துக்குப் போனால் இன்னொரு வழி கண்ணில் படும். 1982 இல் காப்பர்கேட் தெருவில் தோண்டும்போது கிடைத்த 8ஆம் நூற்றாண்டுக் கவசம் அது. நெற்றியைச் சுற்றி ஓர் அகலப் பட்டை, மூக்கிலிருந்து பிடரி வரை ஒன்று, காதுப் பக்கங்களுக்கு இரண்டு, இடையில் எஞ்சும் நான்கு இடைவெளிகளை அடைக்க நான்கு சிறு தகடுகள். எல்லாம் ரிவெட்டால், அதாவது முனையைத் தட்டிக் குமிழாக்கும் ஆணியால், இணைந்தவை. ஒவ்வொரு துண்டுக்கும் சிறிதளவு வளைவு போதும். ஒரு துண்டு கெட்டால் அதை மட்டும் மறுபடி செய்யலாம். அதைவிட முக்கியமாக, ரிவெட்டுக்குப் பதில் தற்காலிகமாகத் திருகாணி போட்டுப் பூட்டித் தலையில் வைத்துப் பார்த்து, பட்டையைக் கூட்டவோ குறைக்கவோ இடமிருக்கிறது. என்னுடைய முதல் கவசம் இந்த முறையில் இருந்திருந்தால் அந்த ஒன்பது சென்டிமீட்டர் ஒரு மாலை நேர வேலையாக முடிந்திருக்கும். நானோ இரண்டு பாதிகளை அடித்து நடுவில் வெல்டிங் வைத்திருந்தேன். அறுத்தெறிவதைத் தவிர வேறு வழியில்லை. 13ஆம் நூற்றாண்டின் வாளி போன்ற முழுமுகக் கவசமும் தொடக்கக்காரருக்கு ஏற்றதே, ஏனென்றால் அதில் பெரும்பாலானவை ஒரு திசையில் மட்டும் வளைந்த தகடுகள். ஆனால் அதற்குள் மூச்சு விடுவது வேறு கதை.

தகடு வாங்குவதில் நான் செய்த தவறு உடம்பையே பதம் பார்த்தது. சிக்கனம் பார்த்து, பழைய இரும்புக் கடையிலிருந்து சாம்பல் நிறத்தில் பளிச்சென்று இருந்த தகட்டைத் தூக்கிவந்தேன். அது துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு. கார் நிறுத்தும் கொட்டகையின் கதவை மழைக்காக முக்கால்வாசி சாத்திவிட்டு, அதை எரிவாயுச் சுடரில் சிவக்கக் காய்ச்சினேன். வெள்ளைப் புகை எழுந்தது, வாயில் இனிப்பும் உலோகமுமாக ஒரு சுவை தங்கியது. இரவு பத்து மணிக்கு மலேரியாவைப் போல நடுக்கமும் காய்ச்சலும். துத்தநாகப் புகையால் வரும் இந்தக் காய்ச்சல் சில மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும் என்பதையும், பொதுவாக ஓரிரு நாளில் தணியும் என்பதையும் மறுநாள் மருத்துவர் சொன்னார். புகையின் அளவு மிகுந்தால் நுரையீரலுக்கே ஆபத்து என்றும் கண்டித்தார். அன்றிலிருந்து பூச்சு எதுவும் இல்லாத, குளிர்நிலையில் உருட்டிய மைல்டு ஸ்டீல் (கார்பன் மிகக் குறைந்த எஃகு) தகட்டைப் புதிதாகத்தான் வாங்குகிறேன். சூடாக உருட்டிய தகடு மலிவு. ஆனால் அதன்மேல் இருக்கும் கருஞ்செதிலைச் சுரண்டி எடுப்பதற்குள் மிச்சம் பிடித்த காசு தேய்ப்புத் தாளுக்குப் போய்விடும்.

தடிமன் எவ்வளவு என்று கேட்பவர்களிடம், யார் எதனால் உங்களை அடிக்கப்போகிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். 1966 இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய எஸ்.சி.ஏ. (இடைக்கால வாழ்வை நடித்துப் பார்க்கும் சங்கம்) என்னும் அமைப்பினர் பிரம்பால் செய்த வாள்களைக் கொண்டு மோதுபவர்கள்; அவர்களுடைய விதி தலைக்கவசத்துக்கு ஏறக்குறைய 1.6 மி.மீ. எஃகுக்குக் குறையக்கூடாது என்கிறது. முகப்பில் உள்ள இடைவெளி எதற்குள்ளும் ஓரங்குல உருளைக் கட்டை நுழையக்கூடாது என்றும் சொல்கிறது. முனை மழுங்கிய எஃகு வாளால் முழுவேகத்தில் அடித்துக்கொள்ளும் போட்டிகளுக்கு இது போதாது. எடையையும் கணக்கிட வேண்டும். 2 மி.மீ. எஃகுத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 15.7 கிலோ, 1.6 மி.மீ. என்றால் 12.6 கிலோ. வெறும் கூம்புக் கவசத்தில் அந்த வேறுபாடு அரைக் கிலோவைக்கூடத் தொடாது. முகமூடியும் கழுத்துத் தகடும் சேர்ந்த கவசத்தில் அதை மாலைக்குள் கழுத்து எண்ணிச் சொல்லிவிடும்.

ஆனால் நீங்கள் வாங்கிய தடிமன் முடித்த கவசத்தில் இருக்காது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர், கார்களின் உடற்பகுதித் தகடுகளைக் கையால் அடித்து உருவாக்கி ஓய்வுபெற்ற ஓர் ஆங்கிலேய முதியவர். அவருடைய கொட்டகையில் மரத்தின் அடித்துண்டு ஒன்று இருந்தது. அதன் தலைப்பில் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு குழி. தகட்டைக் குழியின்மேல் வைத்து உருண்டை முகச் சுத்தியலால் உள்ளே அடித்தால் தகடு கிண்ணமாகக் குழியும். இது விரைவான வழி, அதே நேரத்தில் தகட்டை இழுத்து மெலிய வைக்கும் வழியும்கூட. எதிர்முறையில், கிண்ணத்தைக் கவிழ்த்து உருண்டைத் தலை கொண்ட இரும்புத் தாங்கியின்மேல் வைத்து, தாங்கியைத் தொடாத இடத்தில் வெளியிலிருந்து அடித்து ஓரத்தை உள்ளே ஒடுக்கினால், தகடு மெலியாது. ஓரம் தடிக்கவே செய்யும். முன்னது மணிக்கணக்கு, பின்னது நாள்கணக்கு. என்னைப் போன்ற அவசரக்காரர்கள் முன்னதையே செய்துகொண்டு போவார்கள். நான் செய்த இரண்டாவது கவசத்தின் உச்சியில், 1.6 மி.மீ. தகடு 1.1 ஆக மெலிந்து, ஒரு நாள் நகக்குறி போல விரிசல் விட்டது. கவசத்தில் அடி முதலில் விழும் இடமும் அந்த உச்சிதான். பழங்கால நல்ல கவசங்களில் முன்பக்கம் தடிப்பாகவும் பிடரிப்பக்கம் மெலிதாகவும் இருக்கும். தடிமன் எங்கே வேண்டுமோ அங்கே அதைத் தள்ளிக்கொண்டுபோய் வைத்தார்கள் அந்தக் கொல்லர்கள்.

அந்த முதியவர் எனக்குத் தந்த பயிற்சியெல்லாம் கண்ணுக்கல்ல, கைக்கு. வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுருளாக அடிக்க வேண்டும். ஒவ்வோர் அடியும் முந்தைய அடியின் பாதியை மிதித்துக்கொண்டு விழ வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு முறை கோபமாக அடிக்கக்கூடாது. நான் 2 கிலோ சுத்தியலோடு தொடங்கி, மூன்றாவது மாதத்தில் முழங்கைக்குப் பட்டி கட்டிக்கொண்டு திரிந்தேன். அவர் கையில் இருந்தது 800 கிராம்கூட இராது. அதைத் தூக்குவார், பிறகு கைப்பிடியைத் தளரப் பிடித்து விழவிடுவார். சுத்தியலை வாங்குங்கள், ஆனால் அதன் முகத்தைக் கண்ணாடி போல மெருகேற்றாமல் தகட்டில் வைக்காதீர்கள்; சுத்தியல் முகத்தில் உள்ள ஒரு கீறல் ஆயிரம் அடியில் ஆயிரம் கீறலாகும், அதை அரத்தால் எடுப்பது என்றால் தடிமனையும் சேர்த்து எடுப்பது என்றுதான் பொருள். காதுக்கு அடைப்பான் போட்டு அதற்கு மேல் மூடியும் போடுகிறேன். எஃகின்மேல் விழும் சுத்தியலோசை 100 டெசிபலைத் தாண்டும். மாமாவின் பட்டறையில் முப்பது ஆண்டு இருந்தவர்கள் ஏன் அவ்வளவு உரக்கப் பேசினார்கள் என்பது எனக்குக் காலம் கடந்துதான் விளங்கியது.

அடிக்க அடிக்கத் தகடு விறைத்துக்கொள்ளும். முதல் கவசத்தின்போது மாமாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"மாமா, தகடு கல்லு மாதிரி ஆயிடுச்சு. என்ன அடிச்சாலும் இறங்க மாட்டேங்குது."

"அடிச்சுக்கிட்டே இருந்தா விறைச்சுக்கத்தான் செய்யும் அம்மாடி. நெருப்புல காட்டு, நல்லா செவக்கட்டும். தூக்கித் தண்ணியில போடு. அப்புறம் அடிச்சுப் பாரு, வெண்ணெயா இறங்கும்."

அப்படியே செய்தேன், இறங்கியது. இரண்டாவது, மூன்றாவது கவசங்களுக்கும் அதுவே செய்தேன். நான்காவதுக்கு, எடையைக் குறைக்கும் ஆசையில், அரைச் சதவீதம் கரி (கார்பன்) கலந்த வில் எஃகுத் தகட்டை 1.2 மி.மீ. தடிமனில் வாங்கியிருந்தேன். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டேன். அடுத்த அடியில் தகடு கண்ணாடித் தட்டைப் போல ஓரத்திலிருந்து பிளந்தது. மாமா சொன்னது பித்தளைக்கு முற்றிலும் சரி. பித்தளையைக் காய்ச்சி எப்படிக் குளிரவைத்தாலும் மென்மையாகத்தான் இருக்கும். கரி மிகக் குறைந்த மைல்டு ஸ்டீலில் அந்தப் பிழை பெரிதாகத் தெரியாமல் தப்பித்திருந்தேன். கரி கூடிய எஃகைச் சிவக்கும் சூட்டிலிருந்து தண்ணீரில் போடுவது அதை மென்மையாக்குவதல்ல, அரிவாளுக்குத் துவைச்சல் கொடுப்பது, அதாவது சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்குவது. செய்தியைச் சொன்னபோது மாமா வெகுநேரம் சிரித்தார். "இரும்புன்னு நீ சொல்லவே இல்லையே! அதை அரிவாள் அடிக்கிறவங்கள்ல கேட்டிருக்கணும்" என்றார். மூன்று கவசம் வரை நான் எந்த உலோகத்தை அடிக்கிறேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எஃகை மென்மையாக்க, செவ்வாரஞ்சு நிறம் வரை காய்ச்சி, காற்றில் அதன் போக்கில் ஆறவிடுங்கள். வில் எஃகாக இருந்தால் மணலிலோ சாம்பலிலோ புதைத்து இன்னும் மெதுவாக ஆறவிடுவது நல்லது. சூட்டோடு அடிப்பதென்றால், சிவப்பு மங்கியவுடன் நிறுத்திவிட வேண்டும். இருநூறு முந்நூறு பாகை செல்சியஸில், நீல நிறம் ஓடும் சூட்டில், எஃகு குளிர்ந்த நிலையில் இருப்பதைவிட எளிதில் முறியும். 'இன்னும் சூடாகத்தானே இருக்கிறது, நாலு அடி அடிப்போம்' என்று தோன்றும் நேரம் அதுதான்.

முடித்த கவசத்தைக் கடினமாக்குவது வேறொரு படி. ஆக்ஸ்பர்க், இன்ஸ்புருக் போன்ற ஊர்களின் கொல்லர்கள் கவசத்தைக் காய்ச்சித் துவைத்து, மறுபடி மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்தும் வித்தையை 15ஆம், 16ஆம் நூற்றாண்டுகளில் கைவரப்பெற்றிருந்தார்கள். எட்டாம் ஹென்றி அந்தக் கைத்திறனைத் தன் வாசலுக்குக் கொண்டுவரத்தான் ஜெர்மானியக் கொல்லர்களை அழைத்து லண்டனையொட்டிய கிரீனிச்சில் தனிப் பட்டறை வைத்தார். என் கொட்டகையில் அதைச் செய்ய முயன்ற ஒரே முறையில், கவசத்தின் ஒரு பக்கம் முன்பே ஆறிவிட, வாய்விளிம்பு வெற்றிலை போலக் கோணிக்கொண்டது. 850 பாகை அளவுக்கு முழுக்கவசத்தையும் ஒரே சீராகச் சூடேற்றும் உலை இல்லாதவர்கள், கட்டணம் கட்டி அதற்கான தொழிற்கூடத்தில் கொடுத்துவிடுவதே மேல். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். மைல்டு ஸ்டீல் கவசங்களுக்கு அதுவும் தேவையில்லை.

ரிவெட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தகடுகளைத் தாண்டி வெளியே நீட்டும் தண்டு, அதன் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தால் நல்ல குமிழ் விழும். துளை இறுக்கமாக இருக்க வேண்டும். எல்லாத் துளைகளையும் ஒரே நாளில் போடாமல், ஒன்றைப் பூட்டிவிட்டு எதிர்ப்பக்கத்தில் அடுத்ததைத் துளையிட்டால் தகடு நழுவாது.

இனி, உள்ளே. எஃகு அடியைத் தடுப்பதில்லை, அடியைப் பரப்புகிறது. எஃகு மண்டையோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால், வெட்டு விழாது என்பதைத் தவிர வேறு பயனில்லை; அடியின் வேகம் முழுவதும் எலும்புக்குப் போகும். கவசம் நகர்ந்து நிற்க இடமும் நேரமும் கொடுப்பது, தலைக்கும் எஃகுக்கும் நடுவிலுள்ள அந்த இரண்டு சென்டிமீட்டர்தான். நான் மூன்று கவசம் வரை அதைக் கடைசி நாளில் செய்யும் தையல் வேலையாக எண்ணியிருந்தேன். இப்போது உள்மெத்தையைத்தான் முதலில் தைக்கிறேன். அதைத் தலையில் மாட்டிக்கொண்டு, அதன்மேல் அளவெடுத்த பிறகே தகட்டைத் தொடுகிறேன். அப்படிச் செய்தால் சூத்திரமே வேண்டாம்.

அளவெடுப்பதில் இன்னும் இரண்டு. தலை வட்டமல்ல. என் தலை முன்பின்னாக ஏறக்குறைய 20 செ.மீ., காதுக்குக் காது 16 செ.மீ. உருண்டையான கிண்ணத்தை அடித்து அதில் மெத்தையை அடைத்தால், பக்கவாட்டில் ஓர் அடி பட்டவுடன் கவசம் தலையில் சுழன்று, மூக்குப் பட்டை காதுக்கு வந்து நிற்கும். ஒரு பயிற்சியில் எனக்கு அப்படியே நடந்து, பார்த்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்காக அமைந்தது. அடுத்தது கூந்தல். நான் முடியை விரித்துப் போட்ட நிலையில் அளந்துவிட்டு, களத்துக்குப் போகும்போது கொண்டை போட்டுக்கொண்டு போனேன். பிடரியில் கொண்டை முட்டி, கவசம் முன்னே சாய்ந்து, கண்ணை மறைத்தது. நீண்ட கூந்தல் உள்ளவர்கள் களத்தில் எப்படி முடிவார்களோ அப்படி முடிந்துகொண்டே அளக்க வேண்டும். நான் இரட்டைச் சடை பின்னிக் கழுத்துக்குக் கீழே விட்டுவிடுகிறேன்.

மெத்தைக்கு நல்லது லினன் துணி. இரண்டு அடுக்குக்கு நடுவில் கம்பளி மயிரையோ பஞ்சையோ திணித்து, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு தையல் வரி ஓட்ட வேண்டும். 15ஆம் நூற்றாண்டுக் கவசங்களில் எஞ்சியிருக்கும் உள்மெத்தைகளில், துணி பல இதழ்களாகப் பிரிந்து, உச்சியில் ஒரு கயிற்றால் சுருக்கிக் கட்டப்பட்டிருக்கும். கயிற்றை இறுக்கினால் கவசம் மேலே ஏறும், தளர்த்தினால் இறங்கும். உச்சந்தலைக்கும் எஃகுக்கும் இடையே எப்போதும் வெற்றிடம் இருக்கும். இதைவிடப் புத்திசாலித்தனமான ஓர் ஏற்பாட்டை நான் எந்த நவீனத் தலைக்கவசத்திலும் பார்த்ததில்லை. மெத்தையைக் கவசத்தில் நேராகத் தைக்க முடியாது. விளிம்பையொட்டி ஒரு தோல் வாரை ரிவெட்டால் பிணைத்து, அந்த வாரில் மெத்தையைத் தைக்க வேண்டும். வியர்வையில் ஊறிய மெத்தையைப் பிரித்துத் துவைக்க முடியாவிட்டால், இரண்டாவது ஆண்டில் உங்கள் அருகில் யாரும் நிற்க மாட்டார்கள். தாடைப்பட்டையைக் காதுக்கு முன்னால் ஒற்றை வாராக வைத்தால், பிடரியில் பிடித்துத் தூக்கினாலே கவசம் முன்பக்கமாகக் கழன்றுவிடும். காதுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு வார்கள் இறங்கித் தாடைக்கருகில் சேர வேண்டும்.

களத்தில் என் ஐந்தாவது கவசம் தேறியது. ட்யூக்ஸ்பரியில் 1471 மே 4 அன்று நடந்த போரை ஆண்டுதோறும் கோடையில் நடித்துக் காட்டுவார்கள். அங்கே என் தலையில் ஈட்டிக்கோல் ஒன்று தவறுதலாக முழுவீச்சில் விழுந்தது. ஓசை கோயில் மணிக்குள் தலையை விட்டது போலிருந்தது, வலி இல்லை. அன்று என்னை வீழ்த்தியது வெயில். பஞ்சும் எஃகும் சேர்ந்த அந்த அடுப்புக்குள், தாகம் தெரிவதற்கு முன்பே தலை சுற்றத் தொடங்கிவிட்டது. குடிதண்ணீரில் உப்பும் எலுமிச்சையும் கலந்து, அரைமணிக்கு ஒருமுறை கவசத்தைக் கழற்றித் தலையை ஆறவைப்பதை விதியாக்கிக்கொண்டேன். ஐரோப்பியக் கோடைக்கே இப்படி.

மார்க்கவசத்தில் ஒன்றே ஒன்று செய்து, ஒரே ஒரு பாடம் கற்றேன். அதன் கீழ்விளிம்பு இடுப்பெலும்புக்கு மேலே, உடம்பு மடிகிற இடத்தில் முடிய வேண்டும். வயிற்றை முழுவதும் மூடிவிடும் எண்ணத்தில் நான்கு விரல் இறக்கிவிட்டேன். நிற்கலாம், நடக்கலாம், உட்கார்ந்தால் மேல்விளிம்பு தொண்டையைக் குத்தும். அந்தக் காலத்து வீரர்களைக் கிரேன் வைத்துக் குதிரைமேல் ஏற்றினார்கள் என்ற கதை பொய் என்பது, சரியாக வெட்டிய கவசத்தை ஒருமுறை அணிந்தவர்களுக்கு விளங்கும். முழுப் போர்க்கவசமே பொதுவாக 15 முதல் 25 கிலோவுக்குள்தான். அது உடம்பெங்கும் பகிர்ந்து உட்காரும். கைக்கவசத்தை நான் தொடவில்லை. பத்து விரலுக்கும் சிறு சிறு செதில்களாக அடிப்பதற்குப் பொறுமை மட்டும் போதாது, மறுபிறவியும் வேண்டும்.

துருவுக்குத் தேன்மெழுகும் ஆளிவிதை எண்ணெயும் சேர்த்து உருக்கி, எஃகு கைபொறுக்கும் சூட்டில் இருக்கும்போது பூசுகிறேன். எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் போடாமல் விரித்துக் காயவையுங்கள். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணி தானாகவே சூடேறித் தீப்பற்றும்.

போன ஆண்டு ஊருக்குப் போனபோது ஆறாவது கவசத்தைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போனேன். விமான நிலையத்தின் ஊடுகதிர்த் திரையில் அதைப் பார்த்த அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொல்லி, கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "நீங்களே செய்ததா?" என்று கேட்டு, சந்தேகம் தீராமல் தலையில் மாட்டிக் காட்டச் சொன்னார். பின்னால் நின்ற வரிசை கைதட்டியது.

மாமாவுக்கு இப்போது கண் மங்கல். பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து, கவசத்தை மடியில் கவிழ்த்து, மெத்தையைக் கழற்றச் சொன்னார். மெருகையும் மூக்குப் பட்டையையும் அவர் பார்க்கவேயில்லை. குடத்தைத் தட்டிப் பார்ப்பது போல, விரல் மொட்டால் உச்சியிலிருந்து விளிம்பு வரை வரிவரியாகத் தட்டிக்கொண்டே வந்தவர், இடது காதுக்கு மேலே ஓரிடத்தில் நிறுத்தி மறுபடி தட்டினார்.

"இங்க மெலிஞ்சிருக்கு அம்மாடி. அவசரப்பட்டிருக்கே."

லீட்ஸுக்குத் திரும்பியதும் நீண்ட வாய்க் காலிப்பரை வைத்து அளந்தேன். சுற்றிலும் 1.6, 1.7 என்று காட்டிய முள், அந்த இடத்தில் 1.2 இல் நின்றது. அந்தக் கவசத்தை இப்போது வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். ஏழாவதற்கான மெத்தை தையலில் இருக்கிறது. தகடு இன்னும் வாங்கவில்லை.